வெளிநாட்டிலிருந்து சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுக்கத் தயாராவது எப்படி?

"உதடு, அண்ணப் பிளவு. மற்றபடி ஆரோக்கியம்." எங்கள் மகளைப் பற்றி எங்களுக்கு முதலில் கிடைத்த வரி இதுதான். பிளவுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது, பேச்சுப் பயிற்சி இருக்கிறது. எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று கேட்டால் சொல்ல ஆளும் இருக்கிறது. தத்தெடுப்பு ஏஜென்சி அனுப்பிய ஃபைலில் எழுதாமல் விட்டது வேறு. மூன்று வயது வரை அவள் காப்பகத்தில் வளர்ந்தாள். இரவில் அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்பதைப் பேச்சு வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தாள். நாங்கள் அதிகம் தயாராகியிருக்க வேண்டியது அதற்குத்தான். இந்த வழியில் புதிதாக இறங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதுவே: பெயர் தெரிந்த நோய்க்கு ஒரு பங்கு தயாரானால், பெயரில்லாத அந்த இழப்புக்கு இரண்டு பங்கு தயாராகுங்கள்.

1. வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

இதில் இரண்டு நாட்டுச் சட்டங்கள் இருக்கின்றன: குழந்தை பிறந்த நாட்டுச் சட்டம், நீங்கள் வாழும் நாட்டுச் சட்டம். அதோடு உங்கள் நாட்டின் குடிவரவு விதிகளும் சேரும். அங்கே நீதிமன்றம் தத்தை ஏற்றுக்கொண்டாலே இங்கே விசா கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு கதவுகள்.

1993-இல் உருவாகி 1995-இல் நடைமுறைக்கு வந்த ஹேக் தத்தெடுப்பு ஒப்பந்தத்தில் இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன் சாரம் இவ்வளவுதான்: குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெற்றவர்களின் சம்மதம் பணத்தாலோ நெருக்கடியாலோ வாங்கியதாக இருக்கக் கூடாது. தத்தெடுப்பைக் கவனிக்கும் இரு நாட்டு மைய அமைப்புகளும் ஒத்துக்கொண்ட பிறகே குழந்தையை ஒப்படைக்கலாம். அந்தப் படிகள் முடியும்வரை, சில விலக்குகள் தவிர, நீங்கள் பெற்றவர்களையோ பராமரிப்பவர்களையோ நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது. இதெல்லாம் நம்மை அலைக்கழிக்கப் போட்ட விதிகள் அல்ல. குழந்தைகளை விற்றவர்களும் வாங்கியவர்களும் இருந்ததால் வந்த விதிகள்.

கதவு பாதியில் மூடுவதும் உண்டு. எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தியது. பல ஆண்டுகளாகச் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைப் பெருமளவில் அனுப்பிய சீனா 2024-இல் நிறுத்தியது. குழந்தையின் படத்தை வீட்டில் மாட்டிவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. ஆகவே ஏஜென்சியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: இந்த நாடு நிறுத்திவிட்டால் எங்கள் பணத்துக்கும் விண்ணப்பத்துக்கும் என்ன ஆகும்? நாங்கள் ஒரு ஃபைலை வேண்டாம் என்றால் என்ன நடக்கும்? குழந்தை வந்து இரண்டு வருடம் கழித்துத் திணறினால் யாரைக் கூப்பிடுவது? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் குழந்தை போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவர்கள், ரசீது இல்லாமல் ரொக்கம் கேட்கிறவர்கள், சட்டப் படிகளுக்கு முன்பே குழந்தையைக் காட்டுகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். அந்த ஏஜென்சி மூலம் குழந்தை வந்து குறைந்தது மூன்று வருடம் ஆன குடும்பங்களிடம் பேசுங்கள். வந்து மூன்று மாதமே ஆனவர்களுக்கு இன்னும் நிறையத் தெரியாது.

2. உங்களால் எது முடியும் என்று தனித்தனியாக எழுதுங்கள்

குழந்தையின் எந்தெந்த உடல்நிலைகளை ஏற்பீர்கள் என்று ஏஜென்சியில் ஒரு நீண்ட பட்டியல் தருவார்கள். உதட்டுப் பிளவு, வளைபாதம், இதயக் கோளாறு, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, கை கால் இல்லாமை, தாலசீமியா, எச்.ஐ.வி., பெருமூளை வாதம், வலிப்பு, டவுன் சிண்ட்ரோம், கர்ப்பத்தில் மதுவின் பாதிப்பு என்று அது போகும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு பாருங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். காது கேளாத குழந்தை என்ற இடத்தில் அவர் "முடியும்" என்று எழுதியிருந்தார், நான் "முடியாது" என்று எழுதியிருந்தேன். ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினோம். கடைசியில்தான் எனக்கே புரிந்தது, பாட்டுப் பாடித் தூங்க வைக்க முடியாதே என்பதுதான் என் தயக்கம் என்று. அது குழந்தையின் தேவை இல்லை, என் ஆசை. இந்த மாதிரி விஷயங்கள் தாளில்தான் வெளியே வரும்.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மருத்துவரிடமும், அதோடு வாழ்கிற ஒரு குடும்பத்திடமும் பேசுங்கள். இரண்டு பேரும் சொல்வது வேறு வேறாக இருக்கும். எச்.ஐ.வி. என்றதும் பயப்படுகிறோம், தினசரி மருந்து ஒழுங்காகப் போனால் அந்தக் குழந்தை படித்து வளர்ந்து முழு வாழ்க்கை வாழும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ யாருக்கும் தொற்றாது. அந்தக் குடும்பங்களுக்குப் பாரம் மருந்து இல்லை, யாரிடம் சொல்வது யாரிடம் மறைப்பது என்பதுதான். தாலசீமியாவின் கடுமையான வகையில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். இரத்த வங்கியுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பது அங்கே முதல் கேள்வி. டவுன் சிண்ட்ரோமில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இதயக் கோளாறும் இருக்கும். தைராய்டு, காது, கண் மூன்றையும் ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும். முதுகுத்தண்டுப் பிளவில் பலருக்கு நாளில் பலமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டியிருக்கும். பள்ளியில் அதை யார் செய்வார்கள்?

முடியாது என்பதை முடியாது என்றே எழுதுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பங்கையும் கணக்கில் சேருங்கள்.

3. இல்ல ஆய்வு

தத்தெடுக்க நீங்கள் தகுதியானவர்களா என்று பார்க்கும் ஆய்வு இது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசுவார், சான்றிதழ்கள் கேட்பார். பழைய மனச்சோர்வு, கடன், முறிந்த உறவு எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிய வந்தால்தான் சிக்கல். இறுதி அறிக்கையில் எந்த வயது, என்னென்ன நிலைகள் என்று உங்களுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள் என்பதை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு சான்றிதழும் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். காவல்துறைச் சான்றும் மருத்துவச் சான்றும்தான் பெரும்பாலும் நடுவழியில் காலாவதியாகும்.

4. ஃபைலைப் படிப்பது

இந்த ஒரு படியில் அவசரப்படாதீர்கள். வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளின் ஃபைல்களைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரை முன்பே தேடி வையுங்கள். ஃபைல் வந்த பிறகு தேடினால் நேரம் போதாது.

முதலில் அளவுகள். எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் தேதியோடு உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் குறியுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால் அந்த வாரங்களைக் கழித்துக்கொண்டு பாருங்கள். காப்பகக் குழந்தைகள் உயரத்தில் பின்தங்குவது சாதாரணம். அங்கே கழியும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி விட்டுப்போகும் என்று இந்தத் துறை மருத்துவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலான குழந்தைகள் மளமளவென்று வளர்ந்துவிடும். தலைச் சுற்றளவின் கோடு மட்டும் தொடர்ந்து கீழே சரிந்தால் அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

எங்கள் மகளின் ஃபைலில் தலைச் சுற்றளவு மூன்று தேதிகளில் இருந்தது. மூன்றாவது எண் இரண்டாவதைவிடச் சின்னது. தலை சுருங்காது. நாடா எங்கோ நழுவியிருக்கிறது, அல்லது யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் அந்த எண்ணின் மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "மறுபடி அளந்து அனுப்பச் சொல்லுங்கள், அதுவரை எதுவும் முடிவு பண்ணாதீர்கள்" என்றார். மூன்று வாரம் ஆனது. புது எண் வந்தது, வரைபடத்தில் சரியாக உட்கார்ந்தது. அந்த மூன்று வாரத்தில் பெற்றோர் ஆகிவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து, சொற்கள். மூல மொழி அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள், மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும். முன்னாள் சோவியத் நாடுகளின் அறிக்கைகளில் "பெரிநேட்டல் என்செபலோபதி" என்று ஏராளமான குழந்தைகளுக்கு எழுதியிருப்பார்கள். படித்தால் மூளையே பாதிக்கப்பட்டதுபோல் இருக்கும்; பல சமயம் பிறப்பின்போது சிக்கலுக்கு வாய்ப்பிருந்தது என்பதைத் தாண்டி அதற்குப் பொருள் இல்லை. "ஆரோக்கியம்" என்ற ஒற்றைச் சொல்லையும் அதே அளவுக்குச் சந்தேகத்தோடு படியுங்கள்.

பிறகு கேள்விகள். "நன்றாக இருக்கிறாளா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறாள்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? இரண்டு கையையும் ஒரே மாதிரிப் பயன்படுத்துகிறாளா? எத்தனை சொல் பேசுகிறாள், என்னென்ன? ஆறு மாதம் முன்பு முடியாத எது இப்போது முடிகிறது? பயந்தால் யாரிடம் ஓடுகிறாள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் மகிழுங்கள். ஒருவரோடு ஒட்டிப் பழகிய குழந்தைக்கு இன்னொருவரோடு ஒட்டவும் தெரியும்.

கர்ப்பத்தில் தாய் மது அருந்தியிருந்தால் வரும் பாதிப்பு ஃபைலில் பெரும்பாலும் இருக்காது. கண்களின் நீளம், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம், மேலுதட்டின் தடிமன் இவற்றை வைத்து மருத்துவர்கள் ஓரளவு ஊகிப்பார்கள். அதற்கு, சிரிக்காமல் நேராகப் பார்க்கும் முகப்படம் வேண்டும். முகத்தில் எதுவும் தெரியாமல் பாதிப்பு இருக்கவும் கூடும்.

கடைசியில் மருத்துவரிடம் மூன்று கதைகள் கேளுங்கள்: நல்லபடி நடந்தால் எப்படி, நடக்க அதிக வாய்ப்புள்ளது எது, மோசமாக நடந்தால் எப்படி. மூன்றாவது கதையோடு வாழ முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள். இரக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டு இரண்டு வருடத்தில் கைவிட்டால் அந்தக் குழந்தை இரண்டாவது முறை அநாதையாகிறது.

5. காத்திருக்கும் மாதங்கள்

சிறப்பு மருத்துவர்களின் தேதிகளை இப்போதே கேட்டு வையுங்கள், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் பிறவிக் குறைபாடுகளுக்கும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் எந்த நாளிலிருந்து பணம் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது. வேலையிலிருந்து கிடைக்கும் விடுப்பை முழுவதும் எடுக்கத் திட்டமிடுங்கள்.

குழந்தையின் மொழியில் ஐம்பது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். வலிக்கிறதா, பசிக்கிறதா, தண்ணீர், கழிவறை, அம்மா இங்கே இருக்கிறேன், திரும்பி வருவேன். உச்சரிப்பு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

உறவினர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். முதல் சில மாதங்கள் குழந்தையைத் தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, சமாதானப்படுத்துவது எல்லாம் அப்பா அம்மா மட்டும்தான் என்று சொல்லுங்கள். "ஒரு நிமிஷம் தூக்கினா என்ன?" என்று கோபிப்பார்கள். காரணத்தை முன்பே சொன்னால் கோபம் குறையும்: இந்தக் குழந்தை ஷிஃப்ட் மாறும் கைகளிலேயே வளர்ந்தது, எந்தக் கை தன்னுடையது என்று அதற்கு முதலில் தெரிய வேண்டும்.

6. ஒப்படைக்கும் நாள்

பராமரிப்பவரிடம் எழுதி எடுத்துப்போன கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவாள், எப்படித் தூங்குவாள், செல்லப்பெயர் என்ன, எந்த மருந்து எவ்வளவு. அவள் படுத்த கட்டில், விளையாடிய இடம், பார்த்துக்கொண்டவர்கள் எல்லாவற்றையும் அனுமதி கேட்டுப் படமெடுங்கள். அவள் போட்டிருந்த உடையைத் துவைக்காமல் வைத்திருங்கள், அந்த வாசனைதான் அவளுக்குத் தெரிந்த உலகம்.

குழந்தை அலறி அழுதால் மனம் தளராதீர்கள். தெரிந்தவர்களை விட்டு வருகிற எந்தக் குழந்தையும் அழத்தான் வேண்டும். சிரித்துக்கொண்டே உங்கள் மடியிலும் அடுத்த நிமிடம் வழியில் போகிறவர் மடியிலும் ஏறுகிற குழந்தையிடம்தான் இன்னும் பொறுமையாக வேலை செய்ய வேண்டியிருக்கும்.

7. முதல் வாரங்கள்

எங்கள் மகள் முதல் இரவு அழவே இல்லை. எவ்வளவு சமர்த்து என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். மூன்றாவது இரவு தற்செயலாக எழுந்து பார்த்தபோது அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தலை மட்டும் இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தன்னைத் தானே தாலாட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இரவில் இரண்டு முறை அலாரம் வைத்து எழுந்து, அவள் கேட்காமலே போய்த் தொட்டுவிட்டு வந்தேன். ஆறாவது வாரம் ஒரு இரவு அவள் சத்தம் போட்டு அழுதாள். வீடே விழித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் ஓடினோம். இத்தனை நாள் அந்த அழுகைக்காகத்தான் காத்திருந்தோம்.

உணவை ஒளித்து வைப்பார்கள். தலையணைக்கு அடியில் காய்ந்த ரொட்டித் துண்டு கிடைத்தால் திட்டாதீர்கள். அவளே எடுத்துக்கொள்ளும்படி ஒரு டப்பாவில் எப்போதும் ஏதாவது வைத்திருங்கள், தீர்ந்தால் கேட்காமலே நிரப்புங்கள். தண்டனையாகத் தனி அறையில் விடுவது இந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு அவசரம் இல்லாத அறுவை சிகிச்சை என்றால், உங்களை நம்பத் தொடங்கும்வரை சில மாதம் தள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் மகளுக்கு அண்ணத்தில் செய்ய வேண்டியிருந்ததை அப்படித் தள்ளினோம். அதுவரை குடித்த பால் மூக்கு வழியாக வரும், துடைத்துவிட்டுத் திரும்பக் கொடுப்போம். அந்தத் துடைப்பதிலும் கொடுப்பதிலும்தான் அவள் எங்களோடு ஒட்டினாள்.

ருமேனியாவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் காப்பகக் குழந்தைகள் 136 பேரைப் பின்தொடர்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பல விஷயங்களில் நன்றாகவே தேறினார்கள். வயது கூடிய குழந்தையை ஏற்கிறவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். நேரம் அதிகம் எடுக்கும், உதவி அதிகம் தேவைப்படும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தத்தெடுத்த உங்களுக்கும் மனச்சோர்வு வரலாம். ஆசைப்பட்டு வந்த குழந்தை மேல் பாசமே வரவில்லையே என்று குற்ற உணர்வில் புழுங்குகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

8. வந்த பிறகு சோதனைகள்

வந்து இரண்டு வாரத்துக்குள் முழுப் பரிசோதனை செய்யுங்கள், அங்கே செய்த சோதனை முடிவுகளை மட்டும் நம்ப வேண்டாம். இரத்த எண்ணிக்கை, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., சிபிலிஸ், காசநோய், மலத்தில் குடற்புழு, ஈயத்தின் அளவு, தைராய்டு, கண், காது, பல். தொற்றுச் சோதனைகளில் சிலவற்றை ஆறு மாதம் கழித்து மறுபடி செய்யச் சொல்வார்கள், மறக்காமல் போங்கள். தடுப்பூசி அட்டை நம்பும்படி இல்லையென்றால் எதிர்ப்புச் சக்தியை அளந்து பார்க்கலாம், அல்லது மருத்துவர் முதலிலிருந்து போடச் சொல்வார். பிறந்த தேதி தோராயம் என்றால் எலும்பு வயதைப் பார்த்து அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஊட்டம் குறைந்த குழந்தையில் அது தப்பாகக் காட்டும். பெண் குழந்தைகள் சிலர் சீக்கிரமே பருவமடைவார்கள், ஏழு எட்டு வயதிலிருந்தே கவனியுங்கள்.

மொழி பற்றி ஒன்று. பழைய மொழியைச் சில மாதத்திலேயே குழந்தை மறந்துவிடும். புதிய மொழியில் வீட்டுப் பேச்சு வேகமாக வரும், பாடம் படிக்கும் அளவுக்கு வரப் பல வருடம் ஆகும். நன்றாகப் பேசுகிறாளே, பிறகு ஏன் பாடம் ஏறவில்லை என்று பள்ளி கேட்டால் இதைச் சொல்லுங்கள். அண்ணப் பிளவு இருந்தால் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். நடுக்காதில் நீர் சேர்ந்து காது மந்தமாவதும் சகஜம், அதையும் பார்க்க வேண்டும்.

9. காகிதங்கள்

குடியுரிமை தானாக வருமா, விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முதல் வருடத்திலேயே முடியுங்கள். குழந்தையாக வந்து வளர்ந்த பிறகு, தனக்குக் குடியுரிமையே இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். குழந்தை பிறந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டிய முன்னேற்ற அறிக்கைகளைத் தேதி தவறாமல் அனுப்புங்கள்.

மூல ஃபைல், அந்த மொழி அறிக்கை, படங்கள், துவைக்காத உடை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அது குழந்தையின் சொத்து. சின்ன வயதிலேயே அதைத் திறந்து காட்டிப் பேசுங்கள், கசப்பான பகுதியையும் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். எங்கள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. சென்ற மாதம் கட்டில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் இன்னொரு கட்டில் பாதி தெரியும். "அம்மா, இந்தக் கட்டில்ல யாரு தூங்குவா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அன்று எத்தனையோ கேட்டேன், இதைக் கேட்கவில்லை. ஒப்படைக்கும் நாளுக்கு எழுதுகிற கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பக்கத்துக் கட்டிலில் தூங்கிய குழந்தையின் பெயர் என்ன?